எங்கள் கட்டிலைத் தாண்டிப் போன காற்று

அந்தக் குற்றி எங்கள் கட்டிலைத் தாண்டிப் போனது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆள் உயர இரும்புக் குற்றி. உடம்பு கறுப்பு, கழுத்து வெள்ளை. இரண்டு பேர் அதைச் சாய்த்துப் பிடித்து அடி விளிம்பில் உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரியின் சிமென்ட் தரையில் அது உருளும் சத்தம் வார்டின் மறு கோடியிலிருந்தே கேட்டது. நான் எழுந்து, என் கணவரின் தலைமாட்டில் இருந்த செம்பையும் துணிமூட்டையையும் அவசர அவசரமாக நகர்த்தி இடம் செய்தேன். எங்களுக்குத்தான் வருகிறது என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தேன்.

"கொஞ்சம் ஒதுங்குங்கம்மா" என்றார் உருட்டி வந்தவர்களில் ஒருவர். ஒதுங்கினேன். குற்றி என்னைத் தாண்டி, எங்கள் கட்டிலையும் தாண்டி, அடுத்த கட்டிலின் அருகில் போய் நின்றது.

அதற்குள் இருந்தது காற்று. ஆக்சிஜன் என்று இப்போது பால்குடி மறந்த பிள்ளைகூடச் சொல்கிறது. அன்றைக்கு நர்ஸ்மார் பிராணவாயு என்பார்கள். வார்டில் படுத்திருந்தவர்களும் கூட இருந்தவர்களும் அதற்குக் 'காத்துக் குற்றி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அப்போது கைவசம் இருந்தது அந்த ஒன்றுதான். மற்றவை லாரியில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

பிறவிக் குணம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு என் தங்கை போனில் சண்டைக்கு வந்தாள். "எனக்குப் போட்ட கம்மலைப் பத்தி இன்னுமா எழுதிட்டுக் கெடக்க?" என்றாள். எழுதுவேன். அவளுடைய கம்மல் என்னுடையதைவிடக் கனம். இதை நான் சாகும்வரை சொல்வேன்.

நான் பொறாமைக்காரி. பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்கிற ஆள் அல்ல; என் இலைக்கு நேராகவே கேட்பேன், பக்கத்து இலையில் எவ்வளவு விழுந்தது என்றும் பார்ப்பேன். பத்துக் கட்டளைகளில் தேவனே தம்மை எரிச்சலுள்ளவர், அதாவது பொறாமையுள்ளவர், என்றுதானே சொல்லிக்கொள்கிறார்? அவருக்கு உள்ளது எனக்கு இருந்தால் என்ன என்று ஓய்வுநாள் பள்ளியில் கேட்டு, காதில் திருகு வாங்கியிருக்கிறேன்.

கல்யாணம் ஆன பிறகு பொறாமை கொள்ள ஒரு கட்டிடம் கிடைத்தது. என் கணவர் தங்கையன் குலசேகரத்தை ஒட்டிய ஒரு ரப்பர் எஸ்டேட்டில் புகைப்புரை மேஸ்திரி. பாலை உறைய வைத்து, ஷீட்டாக அடித்து, வரிசையாகத் தொங்கவிட்டுப் புகையில் காயவைக்கும் இடம்தான் புகைப்புரை. கோழி கூவுமுன்பே அங்கே போய்விடுவார். புதுப்பெண் நான் வீட்டில் இருக்கிறேன். அவருக்கு அடுப்பின் கவலை. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தால் புகையும் புளித்த பாலும் கலந்த ஒரு மணம் வரும். அந்த மணத்தோடு நான் சண்டை போட்டிருக்கிறேன்.

ஒரு தடவை என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். அடுப்பில் தீ நாக்கு நீட்டக்கூடாது, வெறும் புகையாக வரவேண்டும். அதற்குக் காற்று நுழையும் துவாரத்தை ஓட்டுத்துண்டால் பாதி மூடி, கொஞ்சம் திறந்து, மறுபடி மூடிக்கொண்டே இருந்தார்.

"நெருப்புக்கு காத்தை அளந்து குடுக்கணும், ஏட்டி. கூடிப் போனா எல்லாத்தையும் தின்னுரும். கொறஞ்சா செத்துரும்."

"என்னை ஒருநாளாவது இப்பிடிப் பக்கத்தில இருந்து பாத்ததுண்டா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவருக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்புதான்.

அதற்கு இரண்டாவது வருஷமோ என்னவோ, பேச்சிப்பாறைப் பக்கமிருந்து நாள் முழுக்கச் சாரல் அடித்த ஒரு காலத்தில் நனைந்துகொண்டே வேலை செய்தார். காய்ச்சல் வந்தது. சுக்குக் கஷாயம் வைத்தேன், மார்பில் எண்ணெய் தடவினேன். மூச்சு விடும்போது விலாவில் கத்தி குத்துவது போல் இருக்கிறது என்றார். நான் மிஷன் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். லீவு சொல்லிவிட்டு அவரை பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நிமோனியா என்று ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள்.

அடுத்த கட்டில்

அடுத்த கட்டிலில் கிடந்தவர் அந்தோணிமுத்து. மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்காரர், கட்டுமரத்தில் போகிறவர். அவருக்கும் அதே நோய். கூட இருந்தவள் அவர் மனைவி பிலோமினா. என் வயதுதான் இருக்கும். நல்ல உயரம், நல்ல குரல். எனக்கு இரண்டுமே கிடையாது.

அவர்கள் கத்தோலிக்கர். நாங்கள் சீர்திருத்த சபை. அவள் ஜெபமாலையை எடுத்து முணுமுணுக்கத் தொடங்கினால் நான் ஒரு கீர்த்தனையை எடுப்பேன். அவள் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டுவாள். நானும் கூட்டுவேன். நடுவில் இரண்டு புருஷன்மாரும் இருமிக்கொண்டு கிடப்பார்கள். வார்டு நர்ஸ் சிஸ்டர் ரூபி வந்து, "ஆண்டவருக்குக் காது நல்லா கேக்கும், ரெண்டு பேரும் மெதுவா சொல்லுங்க" என்று அடக்கிவிட்டுப் போவார்.

குற்றி வந்த அன்றைக்கு அந்த சிஸ்டர் ரூபியிடம்தான் போய் நியாயம் கேட்டேன்.

"நாங்கதானே சிஸ்டர் மொதல்ல வந்தோம்?"

"இது பஸ்ஸுக்கு வரிசையா நிக்குத காரியமா? அந்த ஆளுக்க நகத்தைப் பாத்தியளா? நீலமா கெடக்கு. உங்க ஆளுக்கு அப்படியில்ல. இருக்கது ஒண்ணு. யாருக்கு மூச்சு ரொம்ப முட்டுதோ அவருக்குத்தான்."

பிறகு அவரே தணிந்து விளக்கினார். நாம் இழுக்கிற காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் பிராணவாயு. நல்ல நெஞ்சுக்கு அது தாராளம். சளி கட்டிய நெஞ்சுக்கு அது போதாது. அதனால் குற்றியிலிருந்து தனியாகக் கொடுக்கிறார்கள். இரத்தத்தில் அது குறைந்தால் நகமும் உதடும் நீலமாகும்.

கேட்டுக்கொண்டு வந்து என் கணவரின் விரல்களைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். வெளிறிய சிவப்பாக இருந்தன. சந்தோஷப்பட வேண்டியவள், ஏமாற்றம் அடைந்தேன். கொஞ்சம் நீலமாக இருந்தால் கொடுத்திருப்பார்களே என்று தோன்றியது. படிக்கிறவர்கள் முகம் சுளிக்கலாம். பக்கத்துக் கட்டிலில் காற்று கொப்பளிக்க, தன் கட்டிலில் புருஷன் வாயைத் திறந்து மூச்சுக்கு அலைவதைப் பார்த்தவர்கள் மட்டும் என்னிடம் பேச வரட்டும்.

கொப்பளிக்க என்று சும்மா சொல்லவில்லை. குற்றியிலிருந்து வரும் காற்று ஒரு கண்ணாடிப் போத்தலில் உள்ள தண்ணீரின் வழியாக ஏறி, ரப்பர் குழாய் வழியே மூக்குக்குப் போகும். குளுகுளுவென்று ஓயாத சத்தம். பகல் முழுக்க அந்தச் சத்தம் என்னைச் சீண்டிக்கொண்டே இருந்தது.

முதல் மூச்சு

காலையில் ஆஸ்பத்திரி உபதேசியார் வார்டுக்கு வருவார். நரைத்த மீசை, வெள்ளைக் கோட்டு. அன்றைக்குக் குற்றியைப் பார்த்ததும் அவருக்குப் பிரசங்கத்துக்குப் பொருள் கிடைத்துவிட்டது. மண்ணால் செய்த மனிதனின் நாசியில் கர்த்தர் ஊதினார், அவன் உயிருள்ளவன் ஆனான் என்பதில் தொடங்கினார். "நாம விடுத ஒவ்வொரு மூச்சும் அவர் வாயில இருந்து வந்தது. அதை அவர் நல்லவனுக்கும் குடுக்கார், கெட்டவனுக்கும் குடுக்கார். விலை கேக்கல்ல, அளந்து பாக்கல்ல" என்றார்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. ஆதாம் கொடுத்துவைத்தவன். பக்கத்துக் கட்டில் என்று ஒன்று அவனுக்கு இல்லை. ஊதிய காற்று முழுக்க அவனுக்குத்தான். ஏவாளுக்கு ஊதியதாகக்கூட நான் படித்ததில்லை. விலா எலும்போடு சேர்ந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் போல. அப்போதே எங்களுக்கு மிச்சம்தான்.

"அளக்காம குடுத்ததைப் பின்ன எதுக்கு இரும்பில அடைச்சு சாவி போட்டு வச்சிருக்கு?" என்று கேட்டேன்.

உபதேசியார் கோபிக்கவில்லை. என் கணவரின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "எனக்குத் தெரியாது மக்கா. நெஞ்சு அடைபட்டுப் போனா அளவில்லாத காத்து வெளியில நின்னும் பிரயோசனம் இல்ல. அடைச்சு வச்சதுதான் உள்ள போவுது. அதுவும் அவருக்க காத்துதான்" என்றார். பிறகு என் கணவருக்காக ஜெபம் செய்தார். அதே நீளத்தில் அந்தோணிமுத்துவுக்கும் செய்தார். நீளத்தை நான் கவனித்தேன்.

அவளுக்கு வந்த எரிச்சல்

நான் பிலோமினாவைப் பார்த்துப் புழுங்கிக்கொண்டிருக்க, அவள் என்னைப் பார்த்துப் புழுங்கிக்கொண்டிருந்தாள் என்பது மறுநாள் மத்தியானம்தான் தெரிந்தது. கஞ்சி வாங்கும் இடத்தில் பக்கத்தில் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நீ குடுத்துவச்சவ அக்கா" என்றாள்.

நான் குத்தலாகப் பேசுகிறாள் என்றே நினைத்தேன். "யாரு? நானா? குற்றி யாருக்கு வச்சிருக்கு?"

"அதைத்தான் சொல்லுதேன். உனக்க மாப்பிளைக்கு வைக்கல்லியே. எங்க ஊருல ரெண்டு பேருக்கு இதை வச்சாவ. ரெண்டு பேரும் பெட்டியிலதான் வந்தாவ. இது வந்தா கடைசின்னு அர்த்தம். கொழுந்தனைச் சாமியாரைக் கூட்டிட்டு வர அனுப்பியிருக்கேன், அவஸ்தை பூச."

சாகப்போகிறவருக்குப் பாதிரியார் எண்ணெய் பூசுகிற சடங்கு அது; பாதிரியாரைத்தான் அவர்கள் சாமியார் என்பார்கள். அவர்கள் ஊரில் குற்றி வந்த பிறகுதான் மரணம் வந்தது. ஆகவே குற்றி மரணத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது என்று தீர்மானித்துவிட்டார்கள். நோய் ரொம்பவும் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிற ஊரில் வேறு எப்படித் தோன்றும்? ஆனால் அன்றைக்கு எனக்கு இந்த அனுதாபம் எதுவும் வரவில்லை. "அப்படின்னா எங்களுக்குத் தந்திரு" என்றேன். அவள் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

அன்று சாமியார் வருவதற்குள் அந்தோணிமுத்து கண்ணை மேலே செருகினார். பிலோமினா துணிமூட்டையை அவிழ்த்து, கோயிலில் மந்திரித்த மெழுகுதிரி ஒன்றை எடுத்தாள். உயிர் பிரிகிற நேரத்தில் எரியும் திரியைக் கையில் பிடிக்கவைப்பது அவர்கள் வழக்கம். இருட்டில் போகக்கூடாது, விசுவாசத்தின் வெளிச்சத்தோடு போகவேண்டும். தீக்குச்சியை உரசிப் பற்றவைத்து, அவருடைய விரல்களை அதைச் சுற்றி மடக்கி, முகத்தின் அருகே கொண்டுபோனாள்.

குற்றியின் பக்கத்தில் பீடி கூடாது, விளக்கு கூடாது என்று சிஸ்டர் ரூபி எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தார். பிலோமினாவின் காதில் பீடியும் விளக்கும்தான் விழுந்திருந்தன. மந்திரித்த திரி அதில் சேரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மூக்குக் குழாயின் பக்கம் போனதும் சுடர் மாறியது. மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது, ஆட்டம் நின்று வெள்ளையாகச் சீறி நீண்டது. தலையணைக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லை. வகுப்பில் எரியும் திரிமேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அது அணைவதைப் பிள்ளைகளுக்குக் காட்டி, நமக்கும் நெருப்புக்கும் ஒரே ஆகாரம் என்று சொல்லிக்கொடுத்தவள் நான். பாய்ந்துபோய் அந்தக் கையை இழுத்து வெளியே பிடித்து, திரியை ஊதி அணைத்தேன்.

வார்டே தலையைத் தூக்கிப் பார்த்தது.

"ஏட்டி, பாவி, எனக்க மாப்பிளைக்க உயிரை ஊதி அணைச்சிட்டியே" என்று பிலோமினா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாகிறவன் திரியை மற்றொருத்தி ஊதுவதைவிடப் பெரிய கேடு அவர்களுக்கு இல்லை. அதிலும் குற்றிக்குக் கண் வைத்துக்கொண்டிருந்த நான். "இவளுக்குப் பொறாமை. நேத்தே பாத்தேன், இவ கண்ணு அதிலதான் கெடந்தது."

"பொறாமைதான். யாரு இல்லைன்னா? ஆனா கட்டிலு பத்தி எரிஞ்சா எனக்க ஆளும் சேந்துல்லா எரிவாரு" என்று நானும் விடவில்லை.

சிஸ்டர் ரூபி ஓடி வந்தார், திரியைப் பார்த்தார், முகம் வெளுத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எதுக்குட்டி இந்த சத்தம்? மனுசன் தூங்க வேண்டாமா?"

அந்தோணிமுத்து கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் கஞ்சி கேட்டார். சாமியார் வந்து சேர்ந்தபோது அவர் இரண்டாவது தடவை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொல்லிக்கொண்டே அந்தக் கஞ்சிக் கோப்பையைப் பார்த்தேன். என் கணவர் காலையிலிருந்து ஒரு வாய்கூட இறக்கவில்லை.

எங்கள் முறை

மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல் விரல்களைப் பார்த்தேன். நகங்கள் நீலமாக இருந்தன.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு அடுத்த கட்டிலைக் காட்டி ஏதோ சொன்னார். குற்றி உருண்டு எங்களிடம் வந்தது. பிலோமினா, "வேகம் கொண்டு போங்க, வேகம் கொண்டு போங்க" என்று தானே வழிவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது. நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. குற்றியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

மூக்கில் குழாயைச் செருகியதும் என் கணவர் முகர்ந்து பார்த்தார்.

"ரப்பரு மணக்குது. எங்க ஷீட்டு இப்படி நாறாது" என்றார்.

"பேசாதீங்க. காத்து எப்படி இருக்கு?"

"பச்சத்தண்ணி மாதிரி இருக்கு, ஏட்டி. நீயும் கொஞ்சம் இழுத்துப் பாக்கியா?"

எனக்கு வேண்டாம் என்றேன். பகல் முழுக்க அவர் உதட்டில் நிறம் வந்துகொண்டிருந்தது. நான் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தைய நாட்களில் வெறுத்த சத்தத்துக்கு இப்போது காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாலையாகும்போது குமிழிகள் சின்னதாயின. பிறகு ஒன்று, கொஞ்சம் கழித்து இன்னொன்று. சிஸ்டர் ரூபி சாவியால் திருகிப் பார்த்தார். முழுக்கத் திறந்துதான் இருந்தது. லாரி எங்கே என்று வாசலுக்கும் வார்டுக்குமாக நடந்தார்.

வெளிச்சம் இருக்கும்போதே என் கணவர் போய்விட்டார். என் கையைப் பிடித்தபடி, வாயைத் திறந்து வார்டில் உள்ள காற்று முழுவதையும் இழுக்கப் பார்த்தார். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. வெளியே வேப்பமரம் ஆடிக்கொண்டிருந்தது.

குற்றி பத்து இருந்தாலும் அந்த நெஞ்சு தாங்கியிருக்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம். அடக்கத்தில் போதகர், கொடுத்தவர் எடுத்துக்கொண்டார் என்றார். எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அவர் கொடுத்ததில் எங்கள் பங்கைப் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார் என்பதை என்னால் மறக்க முடியவில்லை. அவருடைய குற்றமா? இல்லை. பொறாமைக்குக் குற்றவாளி தேவையில்லை, பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும்.

மலையேறி வந்தவர்கள்

ஒரு வருஷம் கழித்து இரண்டு பேரும் எங்கள் வீட்டைத் தேடி வந்தார்கள். பிலோமினா தலையில் கருவாட்டுக் கூடை. அந்தோணிமுத்து சற்றுப் பின்னால், ஏற்றத்தில் நின்று நின்று வந்தார். ஏறி முடித்ததும் முற்றத்துப் பலாமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

பிலோமினா உள்ளே வந்தாள். அவள் சேலை புதியது. கழுத்தில் தாலி கிடந்தது. நான் இரண்டையும் பார்த்தேன்.

"அண்ணன் பேருக்கு பூசை ஒப்புக்குடுத்தேன், அக்கா. ஆண்டு திரும்புத அன்னைக்கு" என்றாள்.

"அவரு உங்க சபை இல்லியே. உங்க சாமியார் எப்படி ஒத்துக்கிட்டாரு?"

"வேதக்காரருன்னு மட்டும்தான் சொன்னேன். எந்த வேதம்னு அவரு கேக்கல்ல, நானும் சொல்லல்ல."

எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர் யாரானாலும் வேதக்காரர்தான். எங்கள் சபையில் செத்தவர்களுக்காக ஜெபம் பண்ணும் வழக்கம் கிடையாது. அவர்கள் கர்த்தரிடத்தில் போய்விட்டார்கள், அதன் பிறகு நமக்கு அங்கே வேலையில்லை என்பது போதனை. இத்தனை நாளும் அதை நான் சரியென்றே ஒத்துக்கொண்டிருந்தேன். இவள் சொன்னதும் உடம்பெல்லாம் எரிந்தது. என் புருஷனுக்கு என்னால் இனிமேல் எதுவும் செய்ய முடியாது. இவளால் முடிகிறது.

"எங்களுக்கு அப்படியொண்ணும் கெடையாது" என்றேன்.

"அது தெரிஞ்சுதானே அக்கா நான் செய்யுதேன்."

தண்ணீர் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். அந்தோணிமுத்து செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். குடித்துவிட்டு மூச்சு வாங்கினார். கொஞ்சம் கரகரப்பு இருந்தது. உள்ளே போய், நின்று, சீராக வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது. புத்தி வேண்டாம் என்றாலும், இதில் ஒரு பங்கு தங்கையனுடையது என்றே எனக்குத் தோன்றியது. பிடுங்கிக்கொள்ளவும் ஆசையாக இருந்தது. கேட்டுக்கொண்டே இருக்கவும் ஆசையாக இருந்தது. செம்பை வாங்காமல் அப்படியே நின்றேன்.

பிலோமினா வெளியே வந்து கூடையைத் தூக்கினாள். "போவமா? பஸ்ஸு போயிரும்."

அவர் எழப் பார்த்தார்.

"அடுத்த பஸ்ஸில போலாம். அவரு கொஞ்சம் இருந்திட்டுப் போட்டும்" என்றேன்.

பிலோமினா என்னைப் பார்த்தாள், தன் புருஷனைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். குற்றி எங்கள் கட்டிலைத் தாண்டிப் போனபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது அவள் முகத்தில் எனக்குத் தெரிந்தது. அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.